மேற்குக் கதவு

ஜூன் 17

மாடி அறையில் சாமான்களை ஒதுங்க வைத்து முடிக்கவே பொழுது போய்விட்டது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கக் குடத்தண்ணீர் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்ன வீட்டுக்காரம்மா, "வீட்டுக்காரரு வரலையா?" என்று கேட்டாள். வெளியூரில் வேலை என்றேன். நம்பவில்லை என்பது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. நம்பாவிட்டால் போகட்டும்.

நான் பாதுகாப்புப் பயிற்சி தரச் சேர்ந்திருக்கும் இறால் கம்பெனி தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. மேனேஜர் ஜெயசிங் சார் தாமே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இறால் உரிக்கும் கூடம் கல்யாண மண்டபம் போலப் பெரிது. ஜன்னல் கிடையாது. எவர்சில்வர் மேசைகள், இரண்டு பக்கமும் பெண்கள் நின்றபடி உரிக்கிறார்கள். எல்லோருக்கும் வெள்ளைக் குல்லா, முகமூடி, ஏப்ரன், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கண்கள் மட்டும்தான் தெரிகின்றன. அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. நான் திரும்பிப் பார்த்ததும் இறாலுக்குக் குனிந்துகொண்டன.

கூடத்துக்கு இரண்டு வழி. கிழக்கே பெரிய வாசல். அதை ஒட்டி அம்மோனியா மெஷின் ரூம், அதற்கடுத்து ஐஸ் ரூம். மேற்குக் கோடியில், பச்சை விளக்கு எரியும் அவசரக் கதவு. தள்ளிப் பார்த்தேன், திறந்தது. வெளியே காற்று முகத்தில் அறைந்தது. நல்ல கதவு.

"நூத்தம்பது பேருக்கும் டிரெயினிங் முடிஞ்சிருக்கணும் மேடம். ஆகஸ்ட் கடைசியில வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வாரான். அது நல்லபடியா முடிஞ்சா உங்கள நிரந்தரம் பண்ணிருவோம்" என்றார் ஜெயசிங். படியிறங்கும்போது, "இதுக மண்டையில ஒண்ணும் ஏறாது. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

நிரந்தரமானால் மகள் இலக்கியாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். எத்தனை நாள்தான் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டிலேயே வைத்திருப்பது.

ஜூன் 19

முதல் வகுப்பு. சாப்பாட்டு ஷெட்டில் திரை கட்டிப் படம் போட்டேன். அம்மோனியா என்றால் என்ன, கசிந்தால் கண், மூக்கு, நுரையீரல் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எல்லாம் வரிசையாக. இதே படங்களைத்தான் அரியலூர் சிமென்ட் ஆலையிலும் காட்டினேன்.

பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். மீதிப் பேர் விறைத்துப்போன விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சிது டீச்சர்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்.

"கேஸ் கசிஞ்சா என்ன செய்வீங்க?"

"வெளிய போவோம்."

"எந்த வழியா?"

எல்லோரும் முதல் பெஞ்சிலிருந்த ஒரு அம்மாவைப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள். ஐம்பது வயதிருக்கும். முதல் மேசைக்கு மூத்தவள் அவள்தான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 20

தலைமுடி கயிறாகத் திரிகிறது. உப்புத் தண்ணீர்.

ஜூன் 24

இன்று டிரில். முன்கூட்டிச் சொல்லாமல் அலாரத்தை அடிக்கச் சொன்னேன். காது கிழிகிற சத்தம். ஒருத்தி கூட நகரவில்லை. கைகள் பாட்டுக்கு இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. நான் நடுக்கூடத்தில் நின்று, "வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். மிக்கேலம்மாள் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள். பிறகுதான் மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். அதற்குள் அலாரம் ஓய்ந்துவிட்டது.

எல்லாம் அவள் ஏற்பாடு. சந்தேகமே இல்லை. புதிதாக வந்தவளை ஆழம் பார்க்கிறார்கள்.

ஜூன் 28

திரையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். வயது வந்தவர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது, அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்று டிப்ளமாவில் படித்ததுதான். இதுவரை செய்து பார்த்ததில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நானும் வட்டத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் குக்கர் வெயிட்டைக் கையால் தூக்கி முகம் வெந்த கதையைச் சொல்லி, தாடையில் உள்ள தழும்பைக் காட்டினேன்.

பிறகு டெல்சி என்ற பெண் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். நிறுத்தாமல் பேசுகிற ஜாதி. ஐஸில் வழுக்கி இடுப்பு பிசகியதைச் சொன்னாள். அப்புறம் ஒருத்தி, இறால் கொம்பு குத்திக் கை பழுத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி குளோரின் தண்ணீர் கண்ணில் தெறித்ததை. பேச்சு பேச்சாக வந்துகொண்டே இருந்தது.

"அந்தக் குளோரின் நாத்தம் தாங்காது டீச்சர். மத்தியானத்துக்கு மேல மேக்குக் கதவத் தொறந்து ஒரு நாலு இழுப்பு காத்து வாங்கிட்டு வந்துருவோம். இல்லைன்னா மயங்கி இறாலுக்குள்ளயே விழணும்" என்றாள் டெல்சி.

எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேலம்மாள் மட்டும், "ஏளா, வாய மூடு" என்றாள்.

மனசு நிறைந்திருந்தது. வருகிற வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக் கொத்சு செய்தேன்.

ஜூன் 29

சாயங்காலம் ஜெயசிங் சார் அறையில் டீ. தினமும் கூப்பிடுகிறார். மரியாதை தெரிந்த மனிதர். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். நேற்று எல்லோரும் மனம் விட்டுப் பேசியதைச் சொன்னேன். இடுப்புப் பிசகு, கொம்பு குத்தியது, காற்று வாங்கப் போவது எல்லாம். டெல்சி பேசுகிற அழகையும் சொன்னேன். "அப்படியா?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லாப் பேச விடுங்க மேடம். என்ன பேசுனாலும் வந்து சொல்லுங்க. நமக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஜூலை 2

மேற்குப் பக்கம் காலையிலிருந்து வெல்டிங் சத்தம். வகுப்பே நடத்த முடியவில்லை.

ஜெயசிங் சார் ரகசியமாக ஒரு விஷயம் சொன்னார். பெரிய ரக இறால் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறதாம். "உள்ளுக்குள்ளதான் கைவரிசை. உங்ககிட்டதான் எல்லாம் பேசுதாங்களே, ஒரு கண்ணு வச்சிக்கோங்க." நான் பாதுகாப்புக்கு வந்தவள், திருட்டுக்கு அல்ல என்று சொல்ல நினைத்தேன். ஆனால் நம்பித்தானே சொல்கிறார்.

ஜூலை 4

வட்டமாக நாற்காலி போட்டேன். யாரும் பேசவில்லை. நானே மறுபடி குக்கர் கதையைச் சொன்னேன்.

டெல்சியைக் காணோம். ஐஸ் ரூமுக்கு மாற்றிவிட்டார்களாம். ஐஸ் அள்ளுகிறவர்கள் என் வகுப்பில் கிடையாது. அவர்கள் ஒப்பந்த ஆட்கள், ஆடிட் கணக்கில் வர மாட்டார்கள் என்றார் ஜெயசிங். ஒரு நல்ல பேச்சுக்காரி போய்விட்டாள். அதனால்தான் வகுப்பு இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 8

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் என் செருப்பு வாளித் தண்ணீரில் மிதக்கிறது. யாரும் பார்க்கவில்லையாம். தற்செயலாக விழ வாளி என்ன வாசற்படியிலா இருக்கிறது?

பஸ் நிறுத்தத்தில் நான் போய் நின்றதும் பேச்சு அறுந்தது. அறுந்த இடத்தில் என் பெயர் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

ஜூலை 11

கண்ணால் பார்த்தேன். மேசைக்கு அடியில், மிக்கேலம்மாள் கையிலிருந்து அடுத்தவள் கைக்கு, அவளிடமிருந்து அடுத்தவளுக்கு ஏதோ ஒன்று போனது. கூடத்துக்குள் சொந்தப் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது. கடைசிப் பெண் அதை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள். இடுப்பிலே ஒரு புடைப்பு.

ஜெயசிங் சாரிடம் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் மேசையைக் கொஞ்சம் கவனிக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஜூலை 12

கேட்டில் முதல் மேசைப் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திச் சோதித்தார்கள். கிடைத்தது ஒரு சின்ன டப்பி. உள்ளே மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய். விரல் இடுக்கில் புண் வந்தால் தடவிக்கொள்ளவாம். ஷிப்ட் நடுவே அதற்கென்று வெளியே அனுப்ப மாட்டார்களாம்.

மிக்கேலம்மாளை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "உங்களுக்கும் விரல்ல புண்ணு வந்தா கேளுங்க டீச்சர், தாறேன்" என்றாள்.

சந்தேகம் யாருக்கும் வரலாம். விதி விதிதான்.

ஜூலை 15

இலக்கியாவுக்குக் காய்ச்சல் என்று அக்கா போன். போக முடியவில்லை. போனில் இலக்கியா, "நீ அங்க என்ன சொல்லிக் குடுக்கிற?" என்று கேட்டாள். ஆபத்து வந்தால் தப்பிக்க என்றேன். "அவங்க கத்துக்கிட்டாங்களா?"

இன்னும் இல்லை.

ஜூலை 17

பேச மாட்டார்கள் என்றால் நடக்கட்டும். ஷெட்டில் பெஞ்சுகளை மேசை வரிசை மாதிரி அடுக்கினேன். கூடத்தில் புகை சூழ்ந்தால் கண் தெரியாது. அப்போது கைதான் கண் என்று சொல்லி, எல்லோரையும் குல்லாவைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிடச் சொன்னேன். முன்னால் நிற்பவள் தோளில் இடது கை, மேசை விளிம்பில் வலது கை. முதலில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. மூன்றாவது தடவை சிரிப்பு நின்றது. கால் தடவித் தடவிப் போகிற சத்தம் மட்டும்தான். அவர்கள் உடம்பு அதைக் கற்றுக்கொள்வதைப் பார்த்தேன். படம் காட்டிய நாளில் இது நடக்கவில்லை.

நாளை மறுநாள் நிஜக் கூடத்தில் செய்யப்போகிறோம். மேற்குக் கதவு வரை.

ஜூலை 19

ஷிப்ட் முடிந்ததும் முதல் இரண்டு மேசைகளை நிறுத்திக்கொண்டேன். குல்லாவைக் கண் வரை இழுத்துக்கொண்டார்கள். முன்னால் மிக்கேலம்மாள். நானும் கண்ணை மறைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தேன். ஈரத்தரை. மேசை விளிம்பு முடிந்ததும் சுவர். சுவரோடு போனால் குழாய். குழாயைத் தாண்டினால் கதவு. ஓரிடத்தில் கூடத் தடுமாறாமல் போனாள்.

வரிசை நின்றது.

"வந்துட்டோமா அக்கா?"

"வந்துட்டோம்."

"தள்ளுங்க."

அவள் தள்ளவில்லை. "நீங்க தள்ளுங்க டீச்சர்."

குல்லாவை ஏற்றிவிட்டுக்கொண்டேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மறுபக்கம் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருத்தியாகக் குல்லாவை ஏற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரிந்திருந்ததா இல்லையா என்று என் முகத்தில் தேடினார்கள் என்று நினைக்கிறேன்.

நேரே மேலே போனேன்.

"ஆமா மேடம், பூட்டுதான் போட்டிருக்கு" என்றார் ஜெயசிங். "இறால் அந்த வழியாத்தான் போகுது. ஆடிட் அன்னைக்குத் தொறந்து வச்சிருவோம், கவலப்படாதீங்க."

"இந்த மாசம் கேஸ் கசிஞ்சா?"

"இந்தப் பன்னெண்டு வருசத்துல கசியல." பிறகு டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தார். "எனக்கு எப்படி மேடம் தெரியும், அவங்க தினமும் அந்தக் கதவத் தொறக்காங்கன்னு? நீங்கதான சொன்னீங்க."

ஜூலை 20

தலைவலி. துணி துவைத்தேன்.

ஜூலை 21

ஞாயிறு. பாளையங்கோட்டை போய் இலக்கியாவைப் பார்த்தேன். காய்ச்சல் விட்டிருக்கிறது. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் கதவு அப்படியேதான் இருக்கும். இன்னொருத்தி வந்து அதே படத்தைக் காட்டுவாள்.

ஜூலை 23

இரண்டு நாளாக டீக்குப் போகவில்லை. கூப்பிட்டனுப்பினார், வயிறு சரியில்லை என்றேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் மிக்கேலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டாள்.

"அலாரம் அடிச்ச அன்னைக்கு ஏன் அக்கா யாருமே நகரல?"

வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "போன வருசம் ரெண்டு தடவ அலாரம் அடிச்சாவ. வெளிய ஓடினோம். கேட்டுல நிப்பாட்டி, மடியத் தட்டிச் சோதன போட்டாவ. அலாரம்னா எங்களுக்கு அதான். நீங்களும் அதுக்குத்தான் வந்திருக்கியோன்னு நெனச்சோம்."

"இப்ப என்ன நெனைக்கிறீங்க?"

"இப்பவும் அதான் நெனைக்கோம்." பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டெல்சிப் பிள்ள உங்கள நம்பிப் பேசுச்சு. ஐஸ் ரூமுல நின்னு நெஞ்சுச் சளி புடிச்சிக் கெடக்கு."

கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அதையும் சந்தேகப்படுவாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான்.

ஜூலை 25

ஷெட் தரையில் சாக்பீஸால் கூடத்தை வரைந்தேன். மேசைகள், மெஷின் ரூம், ஐஸ் ரூம், கிழக்கு வாசல். மேற்குக் கதவு இருக்கிற இடத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டேன். "இது பூட்டிக் கிடக்கு. இதத் திறந்திருக்குன்னு சொல்லி நான் இனிமே பாடம் நடத்த மாட்டேன். இப்ப மெஷின் ரூம்ல குழாய் வெடிக்கிது. யார் எங்க போவீங்க? நீங்களே நின்னு காட்டுங்க."

முதலில் தயங்கினார்கள். பிறகு கோட்டுக்குள் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். மெஷின் ரூமுக்கு ஒருத்தியை நிறுத்தி, கசிவு பரவுகிற மாதிரிக் கைகளை விரித்து நடக்கச் சொன்னேன். அவள் கிழக்கு வாசலை மறைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். எல்லோரும் பின்வாங்கிப் பின்வாங்கி, பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இடிபட்டு நின்றார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவளுக்கு நாலு மாதம்.

நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதற்கு அப்புறம் அவர்களே பேசினார்கள். அலாரத்தை நம்ப முடியாது; அதனால் மிக்கேலம்மாள் எவர்சில்வர் தட்டைக் கத்தியால் அடிப்பாள், அதுதான் அடையாளம். முகமூடியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வது. வயிற்றுப் பிள்ளைக்காரி வரிசையில் இரண்டாவது. எல்லாம் சரி, கதவு?

"காலையில வந்ததும் மொதல்ல கதவத் தள்ளிப் பாப்போம்" என்றாள் மிக்கேலம்மாள். "தொறக்கலன்னா மேசைக்குப் போக வேண்டாம்."

என்னைப் பார்த்தாள். இதை நான் மேலே போய்ச் சொல்வேனா என்று பார்த்தாள்.

ஜூலை 26

மாதா கோயில் கொடியேற்றம். பாதிப் பேர் லீவு. ஜெயசிங் ஷெட் பக்கம் வந்து தரையில் அழியாமல் கிடந்த சாக்பீஸ் கோடுகளை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். பெருக்கல் குறியைக் காலால் தேய்த்தது போல இருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 30

நின்றுவிட்டார்கள்.

காலை ஷிப்ட். குல்லா, ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனார்கள். மிக்கேலம்மாள் நேரே மேற்கே போய்க் கதவைத் தள்ளினாள். சங்கிலி குலுங்கியது. திரும்பி வந்து கை கழுவும் தொட்டியோரம் நின்றாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் அங்கேயே நின்றார்கள். வண்டியிலிருந்து இறக்கிய இறால் மேசையில் குவிந்து கிடந்தது. ஐஸ் உருகித் தரையில் ஓடியது.

ஜெயசிங் இறங்கி வந்தார். கத்தினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். ஒருத்தியும் தொட்டியோரத்தை விட்டு நகரவில்லை. என்னிடம் திரும்பினார். "மேடம், இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா சார்" என்றேன். "பாதுகாப்புப் பயிற்சி."

அதற்குள் இறால் கறுக்க ஆரம்பித்துவிட்டது. மெஷின் ஆபரேட்டர் தங்கமாரியப்பன் போய் ஜெயசிங் காதில் ஏதோ சொன்னார். சாவி வந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். பூட்டுக்குப் பதில் வெளியே ஒரு காவல்காரம்மாவை ஸ்டூலில் உட்கார வைப்பதாக முடிவானது.

பெண்கள் மேசைக்குப் போனார்கள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 6

இம்மாதத்தோடு என் வேலை முடிகிறது என்று தெரிவித்துவிட்டார்கள்.

தினமும் வந்ததும் நானும் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். சாயங்காலம் போகும்போதும். இன்று ஸ்டூல் காலியாக இருந்தது. ஓடிப்போய்த் தள்ளினேன். கதவு திறந்தது. காவல்காரம்மா ஒன்றுக்குப் போயிருந்தாளாம்.

டெல்சியை வகுப்பில் சேர்க்கக் கேட்டேன். முடியாது என்றார் ஜெயசிங்.

ஆகஸ்ட் 9

கண் இன்னும் எரிகிறது. எழுத்து கோணலாக வருகிறது.

ஷெட்டில் இரண்டாம் ஷிப்ட் வகுப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். மூத்திரக் குழியில் தலையை விட்டது போல ஒரு நெடி. கண் எரிந்தது. தங்கமாரியப்பன் மெஷின் ரூமிலிருந்து இருமிக்கொண்டே ஓடிவந்து வால்வு, வால்வு என்று கத்தினார். கிழக்கு வாசலில் வெள்ளையாகப் புகை. அலாரம் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

நான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஓடினேன். ஓடும்போது ஒரே எண்ணம்: ஜெயசிங் பூட்டியிருப்பார். காலையில் நான் தள்ளிப் பார்த்தபிறகு மறுபடி பூட்டியிருப்பார். சுவருக்குள்ளிருந்து தட்டு அடிக்கும் சத்தம் கேட்டது, டங் டங்கென்று.

நான் போய்ச் சேரும் முன்பே கதவு படாரென்று திறந்தது. முதலில் வந்தவள் பின்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி. பிறகு தோளில் கை வைத்தபடி வரிசை வரிசையாக. நனைந்த முகமூடி, மூடிய கண். வெளியே வந்த பிறகும் தோளிலிருந்து கையை எடுக்காமல் உப்பளக் கரை வரை அப்படியே நடந்தார்கள். நான்தான் போய்ப் போதும், போதும் என்று கைகளைப் பிரித்துவிட்டேன். கடைசியாக மிக்கேலம்மாள், தட்டும் கையுமாக.

மேசை மேசையாக எண்ணச் சொன்னேன். எல்லா மேசையும் சரி. அப்போது ஒருத்தி, "டெல்சி எங்க?" என்றாள்.

ஐஸ் ரூம். மெஷின் ரூமை ஒட்டின சுவர். மற்ற ஐஸ் ஆட்கள் வண்டியிறக்க வெளியே போயிருந்தார்கள், அவள் மட்டும்தான் உள்ளே. நான் முந்தானையைக் கதவோரம் இருந்த வாளியில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு கதவுக்குள் நுழைந்தேன். நாலடி போவதற்குள் கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தரையைத் துழாவினேன். குழாயடியில் ஒரு குல்லா கையில் தட்டியது, அது அசைந்தது. அவள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். வலது கை சுவரிலேயே இருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். மிக்கேலம்மாள் என்னைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

ஆகஸ்ட் 10

பெரிய ஆஸ்பத்திரி. டெல்சிக்குக் கண் இரண்டிலும் கட்டு. தொண்டை வெந்திருக்கிறது. பார்வை திரும்பிவிடும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். என் கண்ணுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தங்கமாரியப்பனுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

டெல்சி குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள். கரகரத்த குரலில், "எனக்கு வகுப்பு இல்லைன்னு நெனச்சியளா டீச்சர்? சாயங்காலம் சாயங்காலம் கோயில் மைதானத்துல இந்த அக்கா என் கண்ணக் கட்டி நடக்க விட்டாவ. ஒரு நாள் ஐஸ் வண்டிக்காரன் மேலயே போய் மோதிட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மிக்கேலம்மாள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லித்தராததை அவள் சொல்லித்தந்திருக்கிறாள். இல்லை, நான் சொல்லித்தந்ததை, நான் போக விடப்படாத இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"டீச்சர்" என்றாள், தலை நிமிராமல். "இங்க பேசுறது எதுவும் மேல போகாதுல்ல?"

ஆகஸ்ட் 12

அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வந்திருந்தார். அதற்கு முன்பே ஜெயசிங் என்னைக் கூப்பிட்டார். இன்று டீ இல்லை. "ஒரு உயிர்ச்சேதம் இல்ல. உங்க டிரெயினிங்தான் காப்பாத்துச்சுன்னு நானே அவருகிட்ட சொல்லுதேன். நிரந்தரம் பத்தியும் பேசிருக்கேன். அந்தக் கதவு எப்பவுமே தொறந்துதான் இருந்துச்சு. அத மட்டும் சொல்லிருங்க. இதுகள்ல ஒண்ணும் வாயத் தொறக்காது."

இலக்கியாவைச் சேர்க்க நினைத்திருந்த பள்ளிக்கூடம் ஜன்னல் வழியாகத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆய்வாளர் மேல் அறையில் உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

"கீழ கூடத்துல பேசலாமா சார்? அவங்களும் கேக்கட்டும்" என்றேன்.

ஜெயசிங், அங்கே நாற்றமாக இருக்கும், தரை ஈரம் என்று ஏதேதோ சொன்னார். ஆய்வாளர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்தார்.

கூடத்தில் கைகள் நின்றன. முகமூடிக்கு மேல் கண்கள். முதல் நாள் பார்த்த அதே பார்வைதான், ஒன்றும் மாறியிருக்கவில்லை. டெல்சி முன்பு நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

சொன்னேன். ஜூலை ஆரம்பத்திலிருந்து மாசக் கடைசி வரை அந்தக் கதவு வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் இவர்கள் என்னை நம்பிச் சொன்னதை நான் மேனேஜரிடம் சொன்னேன், அதனால் பூட்டினார்கள். பேசிய பெண்ணை ஐஸ் ரூமுக்கு மாற்றினார்கள். இவர்கள் வேலையை நிறுத்தி நின்றதால்தான் கதவு திறந்தது. போன வருஷம் அலாரம் இவர்களைச் சோதனை போடவே அடிக்கப்பட்டது. ஐஸ் ரூம் ஆட்களுக்குப் பயிற்சியே கிடையாது.

எழுதுகிறபோது வரிசையாக வருகிறது. அங்கே அப்படி வரவில்லை. தாழ்ந்த குரலில், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். ஜெயசிங் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சொல்லி முடித்து நின்றேன். ஏதோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் மேசையிலிருந்து மிக்கேலம்மாள் போய் அந்தக் குழாயை மூடினாள். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். "பின் மேசைக்குக் கேக்கல."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.